நாங்கள் போட்ட வேஷம்

அனுமந்தை,
தை மாதம், கடைசி வெள்ளி.

அன்பு மகள் வினோதினிக்கு, அப்பா தனகோடி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். ஆடுகள் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, அது எந்த வருஷம்தான் சுகமாக இருந்தது? நீ நன்றாகப் படித்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சேலத்து வெயிலில் கறுத்துப்போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்மைப் பொறுத்தவரை கறுப்பதற்கு இன்னும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனைக் கையில் எடுத்தால் நான் ஏதாவது தமாஷ் பண்ணிவிடுகிறேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. உன் அம்மா வாங்கினாலோ, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுடி" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறாள். போன மாதம் நடந்த சாதிச் சான்றிதழ் விசாரணையைப் பற்றியும் உன்னிடம் அப்படித்தான் சொன்னாள். நல்லபடியாக முடியவில்லை கண்ணு. எப்படி முடிந்தது என்று எழுதுகிறேன். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

நாம் இருளர் என்று சான்றிதழ் வந்தால்தான் உன் நர்சிங் சீட்டு நிலைக்கும் என்பது உனக்கே தெரியும். வருஷப் பரீட்சைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தானே உன்னைச் சேர்த்தோம். நம் வம்சத்தில் இதுவரை யாரும் அந்தச் சான்றிதழ் வாங்கியதில்லை. படித்தால்தானே அது தேவைப்படும். ஆபீசில், "உங்க சொந்தத்துல யாராவது ஏற்கெனவே வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்கள்.

அங்கேதான் உன் தேசப்பன் மாமா நுழைந்தான். அவன் நுழைந்த எந்தக் காரியம் நேராகப் போயிருக்கிறது? "ஏம்பா மச்சான், ஐயா வர்றப்ப நீ சட்டைய மாட்டிகினு, செல்போன வச்சிகினு நின்னா எவன் நம்புவான்? பார்த்தா இருளன் மாதிரி இருக்கணும்" என்றான். அவனும் இருளன், நானும் இருளன். இருளன் மாதிரி இருப்பது எப்படி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம்.

யோசித்து என்ன செய்தோம் தெரியுமா? நம் பழைய மோட்டார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேலிகாத்தான் புதரில் மறைத்தோம். டிவி, மிக்சி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் தேசப்பன் வீட்டுக்குப் போயின. மின்விசிறியைக் கழற்றத் தெரியாததால் அதற்குப் பழைய கோணிப்பை ஒன்றைச் சுற்றினோம். வீட்டுக்குள் யாரோ தூக்குப் போட்டுக்கொண்டது போல இருந்தது. உன் அம்மாவை நைந்த புடவை கட்டச் சொன்னதும் அவளுக்குக் கோபம். "நல்ல பொடவ கட்ட ஒரு நாளு கெடச்சிது, அதுவும் போச்சா?" என்றாள். நீ பள்ளிக்கூட மேடையில் கோப்பை வாங்கும் படம் சுவரில் இருக்கிறதே, அதையும் எடுத்துவிடலாம் என்று தேசப்பன் கை நீட்டினான். "கைய வச்சிப் பாரு" என்றாள். அது மட்டும் சுவரிலேயே இருந்தது.

இதெல்லாம் போதாதென்று, ஐயா பாம்பு பிடித்துக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்று அவனே ஒரு சாரைப்பாம்பைப் பிடித்து, பானையில் போட்டு, துணியால் வாய் கட்டி, வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டான். நான் ஓடப் பார்த்தேன். "சாரை மச்சான், கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றான். கடிக்கும் என்பதை அவனே ஒப்புக்கொண்டான் பார்.

என் வீரம்தான் உனக்குத் தெரியுமே. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது மூன்று பேரும் உப்பங்கழியில் இறங்கி இறால் தடவுவோம். உன் அம்மா பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே முன்னால் போவாள். நீ கரையோரம் முட்டளவு தண்ணீரில் நின்று அவள் செய்வதையே செய்வாய். ஒரு நாள் எதையோ தூக்கி, "அப்பா, கயிறு!" என்றாய். தண்ணீர்ப்பாம்பு. நான் எப்படி வெளியே வந்தேன், எப்படி வரப்பைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. கண் திறந்தபோது கலியமூர்த்தி முதலாளியின் உப்புக் குவியல் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். "டேய் தனகோடி, அது திங்கற உப்புடா, எறங்குடா!" என்று அவர் கத்துகிறார். நீயோ அந்தப் பாம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காட்டவேண்டும் என்று அழகாக வரப்பு மேலே நடந்து வருகிறாய். அன்றைக்கு உப்புப் பாத்தியில் வேலை செய்த அத்தனை பேரும் வேலையை விட்டுச் சிரித்தார்கள். இப்போதும் அந்தக் குவியல் போடும் இடத்தைத் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நாளாக, சிரிப்போடு வேறொன்றும் வருகிறது.

என் அப்பா அய்யனார் அப்படியில்லை. புற்றுக்குள் தைரியமாகக் கை விடுவார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் பாம்புத்தோல் வாங்க ஆட்கள் வருவார்களாம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது சட்டம் வந்து, இனிமேல் பாம்பைத் தொட்டால் ஜெயில் என்றார்கள். அப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டு, என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்துவிட்டார். நான் வளர்ந்ததெல்லாம் உப்பில்தான். எனக்குப் பாத்தி மிதிக்கத் தெரியும், தண்ணீர் பாய்ச்சத் தெரியும், உப்பு வாரத் தெரியும். அன்றைக்குப் பிடித்தால் ஜெயில் என்றவர்கள், இன்றைக்குப் பிடிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை என்றால் நான் எந்தப் பக்கம் திரும்புவது சொல்.

சரி, விசாரணைக்கு வருகிறேன். காலை வெயில் ஏறும்போது ஜீப் வந்தது. விசாரணை ஐயாவும், நம் தலையாரி பாலகுருவும் இறங்கினார்கள். நான் தேசப்பனுடைய கிழிந்த லுங்கியில், மேல்சட்டை இல்லாமல், கைகட்டி நிற்கிறேன். பாலகுரு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். ஐயா உட்கார இடம் தேடினார். நாற்காலியைத்தான் நாங்கள் ஒளித்துவிட்டோமே! கடைசியில் உப்புக்கூடையைக் கவிழ்த்துப் போட்டேன். உட்கார்ந்தார், கூடை நசுங்கியது, எழுந்துகொண்டார். விசாரணை முழுக்க நின்றுகொண்டேதான் நடந்தது.

அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயசுதான். இருளர் என்றால் பாம்பு என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். என்ன தொழில் என்றார். உப்பளம் என்றேன். "அது எல்லாரும் செய்யறதுப்பா. உங்க தொழிலச் சொல்லு. பாம்பு பிடிப்பியா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்று தேசப்பன் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறான். நானும் தலையாட்டிவிட்டேன். "எங்க, காட்டு" என்றார்.

தேசப்பன் பானையைக் கொண்டுவந்து வைத்தான். நான் துணியை அவிழ்த்தேன். அதற்கு மேல் எனக்குச் சரியாக நினைவில்லை. உன் அம்மா சொல்லித்தான் தெரியும். சாரை தலையைத் தூக்கியதாம். நான் "அம்மாடி!" என்றேனாம். அடுத்த நிமிஷம் ஜீப்பின் பானெட் மேல் நின்றேனாம். ஐயா வண்டிக்குள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது நினைவிருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாதி.

உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். சாரையின் வாலைப் பிடித்துத் தூக்கிப் பானைக்குள் விட்டாள். குழம்பில் முருங்கைக்காய் போடுவது போலத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்து, "சார், புடிச்சது நானு. என் பேருல எழுதிக் குடுங்க" என்றாள்.

ஐயா கண்ணாடியைப் பாதி இறக்கி, "சாதி தகப்பன் வழியிலதாம்மா பார்ப்பாங்க" என்றார்.

"அப்ப அவரையே கேட்டிருக்கலாமில்ல, உப்பப் பத்தி?" என்றாள். பாலகுரு அவள் பக்கத்தில் போய், "யக்கா, பாம்பப் பானையில வச்சிருந்ததே கேஸு. கம்முனு இரு" என்று காதைக் கடித்தான். ஐயா என்னைப் பார்த்து, "நீயே சொல்லுப்பா. பாம்பக் கண்டு வண்டி மேல ஏர்றவன இருளன்னு நான் எப்படி எழுதறது?" என்றார். நான் இன்னும் பானெட் மேலேயே நின்றேன். இறங்குவதற்கே தேசப்பன் கை கொடுக்கவேண்டியிருந்தது.

போகும்முன் வாசலில் நின்று, சுவரில் உன் படத்தைப் பார்த்தார். யாரு என்றார். எங்கள் பெண் என்றேன். "உங்க பொண்ணா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும், மேலே சட்டை இல்லாதது எனக்கு அப்போதுதான் குளிர்ந்தது. பாரம்பரியத் தொழில் தெரியாதவர் என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார் என்று பாலகுரு பிறகு சொன்னான்.

மறுநாள் நம் இருளர் சங்கத்துக் கலைமதி கிளியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தது. நம் ஜனத்தில் வக்கீல் ஆபீஸ் வரை போய் வருவது அது ஒன்றுதான். நடந்ததைக் கேட்டுச் சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உங்கள யாருண்ணா வேஷம் போடச் சொன்னது? கலியமூர்த்தி வீட்டுப் பையனுக்கு சர்டிபிகேட் குடுத்தப்ப, ஏர் ஓட்டிக் காட்டுன்னு எவனாவது கேட்டானா? நம்மள மட்டும் ஏன் கேக்கறான்? நீங்க காட்டறதாலதான் கேக்கறான்" என்றது. தேசப்பன் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே நழுவிவிட்டான். அந்தச் சாரையைக் காட்டில் விட்டுவிட்டானாம். அதுவாவது பிழைத்தது.

கலைமதியே மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்பியது. பாம்பு பிடிக்கத் தெரிந்தால்தான் பழங்குடி என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம். சாமி எது, கல்யாணம் எப்படி, உறவு எங்கே என்று கேட்கலாம், உள்ளதை உள்ளபடி சொன்னால் போதுமாம். மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மாசி மகம் முடிந்ததும் மறுபடி விசாரணை. இந்தத் தடவை வேறு அதிகாரி. சான்றிதழ் கேட்கும் பெண்ணும் நேரில் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

இதைத்தான் போனில் சொல்ல வரவில்லை.

போன மாதம் வறுத்த இறால் எடுத்துக்கொண்டு உன் ஹாஸ்டலுக்கு வந்தேன் அல்லவா. கேட்டுக்கு வெளியிலேயே நீ வந்து வாங்கிக்கொண்டாய். கூட நின்ற அந்தப் பெண் ஜான்சி, யாரு என்று உன்னைக் கேட்டது. "ஊர்ல இருந்து வந்திருக்காங்க" என்றாய். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஊரிலிருந்துதானே வந்தேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை வாப்பா, போப்பா என்றவள், அன்றைக்கு "பாத்துப் போங்க" என்றாய். அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டிவனம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

உன்மேல் வருத்தம் என்று நினைக்காதே. எலி தின்கிற ஜனம் என்று உன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னை எலி என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். நீ சொன்னதில்லை. சாப்பாட்டு மணிக்கு டப்பாவை மூடியபடியே திரும்பக் கொண்டுவந்ததைப் பார்த்து உன் அம்மா கண்டுபிடித்தாள். புது இடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறாய். அந்த நிம்மதியைக் கெடுத்துக்கொண்டு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இங்கே நான் ஒரு நாள் வேஷம் போட்டதற்கே உடம்பு கூசிப்போனது. நீ அங்கே தினமும் எப்படித்தான் இருக்கிறாயோ.

இப்போது இங்கே பாத்தி மிதிக்கிற காலம். தரை இறுகவேண்டும் என்று காலையிலிருந்து மிதித்துக்கொண்டே இருக்கிறோம். நீ கைக்கு அடங்குகிற வயசில் உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டுதான் மிதிப்பேன். வேலை நேரத்தில் என்ன கொஞ்சல் என்று கலியமூர்த்தி முதலாளி கேட்டால், "பாரம் இருந்தா தரை நல்லா எறுகும் முதலாளி" என்பேன். நீ என் முடியைப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து கடல் தெரிகிறது, லாரி தெரிகிறது என்று சேதி சொல்லிக்கொண்டே வருவாய். பிடித்து இழுக்க அன்றைக்கு முடியும் இருந்தது.

மாசி மகத்துக்கு எல்லோரும், நம் ஜனம் மொத்தமும் கூடுகிற மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறோம். உன் அம்மா கூடாரம் கட்டப் புடவைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். நீ முன்பல் விழுந்த வயசில் அங்கே நடந்தது நினைவிருக்கிறதா? விடியற்காலையில் கன்னியம்மாவுக்கு மணலில் படி கட்டி, ஈரத்துணியோடு கும்பிட்டுவிட்டு வருகிறோம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் உன்னைப் பார்த்து, "நீங்கள்லாம் யாரு பாப்பா, இவ்ளோ பேரு?" என்று கேட்டார். நான் என்ன சொல்லலாம் என்று முழிக்கிறேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாங்க இருளருங்க. நீங்க யாரு?" என்று கேட்டாய். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நம் கூடாரத்திலிருந்து பக்கத்துக் கூடாரம், அங்கிருந்து அடுத்தது என்று கடற்கரை முழுக்க அந்தச் சேதி போய், தெரியாத கிழவர்களெல்லாம் வந்து உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு எவ்வளவு அகலம் ஆனது என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ பொரி தின்றுகொண்டிருந்தாய்.

விசாரணைக்கு நீ வரவேண்டும் கண்ணு. வந்தால் நீ எதையும் பிடித்துக் காட்டவேண்டாம், பாடிக் காட்டவேண்டாம். நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வண்டியையும் கழுவி வாசலிலேயே நிறுத்திவிட்டேன். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பேன், உன் அம்மா பச்சைப் பட்டு கட்டப்போகிறாளாம். நீ காலேஜ் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, சாதாரணமாக வந்தாலும் சரி. கேட்பதற்கு உனக்குத் தெரிந்த பதிலைச் சொல். பேச வரவில்லையென்றால் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திரு, நான் பேசிக்கொள்கிறேன். இனிமேல் எனக்குப் பேசத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

வர முடியாதென்றாலும் சொல்லிவிடு. பரீட்சை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிக்கொள்கிறோம். சீட்டுக்காக வேறு என்ன வழி என்று கலைமதியைக் கேட்போம். அதற்காக உன்னிடம் நான் முகம் சுளிக்கமாட்டேன்.

கன்னியம்மா உன்னை எந்த ஊரில் இருந்தாலும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ தொடும் நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். இறால் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா,
தனகோடி.

பி.கு.: கவரை ஒட்டும்போது எனக்கும் உன் அம்மாவுக்கும் சண்டை. அனுப்புநர் இடத்தில் முழு விலாசத்தையும் எழுது, ஊரே படிக்கட்டும் என்கிறாள் அவள். ஹாஸ்டலில் தபாலெல்லாம் வாசல் மேஜையில்தான் கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் புரட்டுவார்கள் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அதனால் தனகோடி, அனுமந்தை அஞ்சல் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். இருளர் குடியிருப்பு என்று நீயே உன் கையால் எழுதிக்கொண்டாலும் சரி, அப்படியே விட்டுவிட்டாலும் சரி. கடிதம் எப்படியும் உனக்கு வந்து சேர்ந்துவிடும்.